ஆறரை மணிக்குச் சாகும் செடி

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நல்ல பழக்கம், கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்புவரை எனக்கு இருந்ததில்லை. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பூந்தொட்டி.

கயல்விழிக்கும் எனக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. அவளுக்குத் திண்டிவனத்தில் வங்கி வேலை, எனக்கு விழுப்புரத்தில் காப்பீட்டு அலுவலகம். தனியாகப் பேசக் கிடைத்த முதல் பத்து நிமிடத்தில், "செடி வளர்க்கப் பிடிக்குமா?" என்று கேட்டாள்.

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? கோலியனூர்ல காலங்காலமா மல்லாட்டை போடுறவங்க நாங்க. செடியப் பாத்தாலே அதுக்கு இன்னா வேணும்னு சொல்லிடுவேன்" என்றேன். (நான் நிலத்துப் பக்கம் போனதெல்லாம் அறுவடையின்போது, அதுவும் பட்டப்பகலில், மல்லாட்டை என்கிற நிலக்கடலையை அவித்துத் தின்பதற்கு.)

அடுத்த மாதம் அவளுக்குச் சென்னையில் இரண்டு வாரப் பயிற்சி. கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு தொட்டியை என் கையில் கொடுத்தாள். பச்சை இலைகளில் ஸ்கெட்ச் பேனாவால் இழுத்தது மாதிரி சிவப்புக் கோடுகள்.

"மராண்டாங்க. பிரேசில் பக்கத்து மழைக்காட்டுச் செடி. ஆபீஸ்ல என் டேபிள் மேலதான் இருந்துச்சு. நேர் வெயில் ஆவாது, காத்துல ஈரம் இருக்கணும். மத்தது உங்களுக்கே தெரியும்."

"அதெல்லாம் எனக்குச் சொல்லணுமா?" என்றேன். அந்த 'மத்தது' என்னவென்று கேட்டிருந்தால் என் மானம் பிழைத்திருக்கும்.

அன்று சாயங்காலம் ஆறரைக்குப் பார்த்தால், விரிந்திருந்த இலைகள் எல்லாம் எழுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. செடி என்னைக் கும்பிட்டு விடைபெறுவது போல இருந்தது. "அம்மா, செடி போச்சு!" என்று கத்தினேன். அம்மா எட்டிப் பார்த்து, "நல்லாத்தான்டா இருக்குது" என்றார். பெற்ற மனம், ஆறுதல் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஈரம் வேண்டுமாமே! இட்லிப் பானையைத் திறந்து ஆவி காட்டினேன். காலையில் இலைகள் ஜம்மென்று விரிந்திருந்தன. ஆக, இட்லி ஆவிதான் மருந்து. மறுநாள் ஆறரைக்குச் செடி மறுபடி செத்தது. குளியலறைக்கு மாற்றினேன், காலையில் பிழைத்தது, மாலையில் செத்தது. இணையத்தில் தேடினேன். தண்ணீர் குறைவாக இருக்கலாம் என்றது. அதிகமாகவும் இருக்கலாம் என்றது. வெளிச்சத்துக்கும் அதே பதில். செடி பிழைத்ததும் ஏனென்று புரியவில்லை, செத்ததும் ஏனென்று புரியவில்லை.

கயல் தினமும் ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாள். கேமராவை மூடிக்கொண்டு, "கரண்டு இல்லைங்க" என்பேன். பின்னால் மின்விசிறி தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். காலையில் எடுத்த படத்தை மட்டும் அனுப்பிவைப்பேன்.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு மேல் தாங்கவில்லை. அவளிடம் சொல்லத் தைரியம் இல்லாததால் அவள் அப்பாவிடம் சரணடைய முடிவுசெய்து, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் திண்டிவனம் போனேன். மாமா ஹார்டுவேர் கடைக்காரர், ஆணியும் போல்ட்டுமாகவே வாழ்ந்தவர்.

"என்ன மன்னிச்சிடுங்க மாமா. கயலு செடிய நான் கொன்னுட்டேன்" என்று கண் கலங்கத் தொட்டியைக் கல்லாமேல் வைத்தேன்.

எல்லா இலையும் விரிந்து, புதிதாக ஒரு குருத்தும் விட்டிருந்தது அந்தச் சனியன். மாமா செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எப்ப செத்துச்சு மாப்ள?"

"நேத்து சாயங்காலம் மாமா."

"இப்ப?"

"இப்ப உயிரோட இருக்குது. தினமும் ஆறரைக்குச் சாவுது மாமா. எல்லா இலையும் எழுந்து நின்னு என்னக் கும்பிடுது."

"சாயங்காலம் ஆனா உங்களுக்கு அப்படித் தெரியுது?"

"ஆமா மாமா."

மாமா உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் ஒரு பெரிய டம்ளர் வரவழைத்துக் கொடுத்தார். என்ன பாசமான மனிதர் என்று நினைத்தபடி குடித்தேன்.

மறுநாள் அவரிடமிருந்து போன். "பத்திரிகை அடிக்கிறத கொஞ்சம் ஆறப் போடுவோம் மாப்ள." அடுத்து கயல். "நெசத்தச் சொல்லுங்க. சாயங்காலத்துல உங்களுக்குக் குடிப்பழக்கம் ஏதாவது இருக்குதா? ஏழு மணிக்கு மூஞ்சியக்கூட காட்ட மாட்டேங்குறீங்க. அப்பா ஒரே பேஜாரா இருக்காரு."

அம்மா மேல் சத்தியம் செய்தேன். குடிகாரன் செய்யும் சத்தியம் மாதிரியே அது எனக்கும் கேட்டது. உண்மையில் பயந்துபோனேன். அந்தப் பத்து நிமிடத்திலேயே கயலை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

பயிற்சி முடிந்த அன்று, சொல்லாமல் கொள்ளாமல் அப்பாவும் மகளும் எங்கள் வீட்டில் வந்து இறங்கினார்கள். மணி ஆறு. மாமா என்னை ஒட்டி உட்கார்ந்து மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். செடியைக் கூடத்தின் நடுவில் வைத்தேன். ஆறு இருபதுக்கு முதல் இலை மெல்ல எழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாமே.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கயலு... எனக்கும் தெரியுது."

கயல் விழுந்து விழுந்து சிரித்தாள். "அது தூங்குதுப்பா! பொழுது போனா மூடும், விடிஞ்சா விரியும்." என் பக்கம் திரும்பி, "மல்லாட்டைக்காரங்கன்னு சொன்னீங்க, இதுகூடத் தெரியாதா?" என்றாள்.

"மல்லாட்டை வேற, இது வேறங்க" என்று அப்போதும் சமாளித்தேன்.

டீ கொண்டுவந்த அம்மா நின்றார். "இன்னாடா வேற? மல்லாட்டைச் செடியும்தான் சாயங்காலம் இலைய மூடிக்கும்."

"ஏம்மா, அப்பவே சொல்லக் கூடாதா?"

"நல்லாத்தான் இருக்குதுன்னு தெனமும் சொன்னேனே. நீதான் இட்லிப் பானையத் தூக்கிக்கினு ஓடுன!"

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். "எனக்குச் செடியப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க" என்றேன் கயலிடம். என் வாழ்க்கையில் அந்த வார்த்தை அன்றுதான் முதன்முதலாக வெளியே வந்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தாலும் உங்களப் பிடிச்சிருக்கும்" என்றாள் அவள். மாமா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். பத்திரிகையின் மாதிரி. "பேரெல்லாம் சரியா இருக்குதா பாருங்க மாப்ள. ஜல்தியா அச்சுக்குக் குடுக்கணும்."

ஒரு தொட்டி இன்று நான்கு தொட்டியாகி எங்கள் கூடத்தில் இருக்கிறது. எங்களுக்கு ஒரு மகளும் இருக்கிறாள். இன்றும் ஆறரை மணிக்குத் திண்டிவனத்திலிருந்து போன் வரும்.

"மாப்ள, போச்சா?"

"போச்சு மாமா."

"ஒரு எலுமிச்சை ஜூஸு குடிங்க. காலையில சரியாயிடும்."