நூறு மீட்டர் தள்ளி

"இதுல திமிங்கலம் எங்கய்யா?"

எச்.ஆர். மேனேஜர் சௌந்தரராஜன் போனைக் கிட்டப் பிடித்தும் பார்த்தார், தூரப் பிடித்தும் பார்த்தார்.

"அந்தக் கறுப்புப் புள்ளிதாங்க சார்," என்றார் திம்மராயன்.

"மஞ்சளா ஒண்ணு தெரியுதே?"

"வெயில் பட்டதுங்க."

கறுப்புத் தண்ணீர் டேங்க் செய்து இலங்கை வரைக்கும் அனுப்பும் ஓசூர் கம்பெனி அது. திம்மராயனுக்கு அங்கே பதினெட்டு வருடமாக நைட் ஷிப்ட். சம்சாரத்தின் முகம் ஞாயிற்றுக்கிழமைதான் தெளிவாகத் தெரியும். இந்த வருடம் சீனியர்களைத் திருகோணமலைக்குச் சுற்றுலா அனுப்பிய முதலாளி, திமிங்கலத்தைத் தொந்தரவு செய்யாமல் நல்ல படம் எடுப்பவருக்கு ஜெனரல் ஷிப்ட் என்று சொல்லியிருந்தார். காலண்டரில் போட வேண்டுமாம்.

"கொஞ்சம் கிட்டப் போயிருக்கலாமில்ல?"

"போட்டுக்காரர் விடலீங்க. 'நூறு மீட்டருக்குள்ள போகேலாது அண்ணை, அது நித்திரை கொள்ளுது'ன்னுட்டாரு. இன்ஜினையும் நிறுத்திட்டாரு. ஒரு மணி நேரம் இருமலைக்கூட முழுங்கிக்கிட்டு உக்காந்திருந்தோம். அது எந்திரிக்கவே இல்லீங்க."

"இதைக் காலண்டர்ல போட்டா மை சிந்திடுச்சும்பாங்க. பெருசா கொண்டு வா."

தொரப்பள்ளி வீட்டில் மகள் அனிதா படத்தை ஏதோ ஆப்பில் போட்டுத் தேய்த்தாள். புள்ளி வளர்ந்தது. முதுகு வந்தது, வால் வந்தது. மஞ்சள், கண்ணாக மாறித் திம்மராயனையே பார்த்தது.

"வால் இருந்துச்சாம்மா?"

"தண்ணிக்குள்ள இருந்திருக்கும்ப்பா. ஆப்புக்குத் தெரியும்."

வாதாடத் தெம்பில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. போனிலேயே சௌந்தரராஜனுக்கு அனுப்பிவிட்டு ஓடினார்.

இரண்டாம் நாள் காலை நைட் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், கேட்டருகே அந்தப் படம் பேனராக நின்றது. முதலாளியின் காரும் நின்றது. பத்தாவது நிமிடம் திம்மராயன் கையில் மெமோ. தொந்தரவு செய்யாதே என்றால், திமிங்கலத்தின் மூக்கருகே போய் எடுத்தது ஏன்? இன்னும் இரண்டு வருடம் நைட் ஷிப்ட்.

"சார், நாங்க தள்ளியேதாங்க நின்னோம். நிஜப் படத்தைப் பாருங்க," என்று தூக்கக் கண்ணோடு கெஞ்சினார்.

கேண்டீன் சுவரில் புரொஜெக்டர் போட்டார்கள். முதலாளியே வந்து உட்கார்ந்தார். புள்ளி அண்டா அளவுக்கு விரிந்தது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நூறென்ன, நூத்தம்பது மீட்டர் இருக்கும். படம் நல்லா வரலைன்னாலும் பரவாயில்லைன்னு தள்ளி நின்னிருக்கார் பாருங்க. இவர்தான்யா பொறுப்பான ஆளு."

மெமோவைக் கிழித்தார். ஜெனரல் ஷிப்ட் ஆர்டரில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகத் திம்மராயன் நிம்மதியாகக் கொட்டாவி விட்டார்.

டீ குடிக்க வந்த பேக்கிங் செக்‌ஷன் சம்பங்கி, டம்ளரோடு சுவருக்குக் கிட்டப் போய் உற்றுப் பார்த்தாள்.

"ஏன் சார், நம்ம ஐநூறு லிட்டர் டேங்க் எதுக்குக் கடல்ல மிதக்குது? மூடியில இருக்கற மஞ்ச ஸ்டிக்கர் நான் ஒட்டுனதுதான்."