ஒரு மூடி எதிர்ப்புச் சக்தி

மனித குலத்துக்கு எதிர்ப்புச் சக்தி தேடி உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த வேளையில், அதற்கான விடை காரைக்குடிப் பக்கத்துக் கல்லலில், திருவாளர் முத்தரசு அவர்களின் ஆட்டுக்கொட்டகையில், ஒரு லிட்டர் பாட்டிலில் தயாராக இருந்தது. உலகத்துக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.

முத்தரசு ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்காணிக்க ஆள் இல்லாமல் போகவே பதினான்கு ஆடுகள் வாங்கினார். புழு மருந்து ஊற்றியதும் ஆடுகள் மினுமினுவென்று ஆயின. அதே வாரம், 'புழு மருந்து எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். 'எதிர்ப்புச் சக்தி மேம்பாட்டுச் சங்கம்' பிறந்துவிட்டது. மினிட் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு, இருபத்தேழு உறுப்பினர்கள். தலைவர் அவரே.

ஆடுகள் விஷயத்தில் மனிதர் ரொம்பக் கறார். கால்நடை டாக்டர் பூமிநாதனுக்குப் போன் போடாமல் ஒரு சொட்டு ஊற்ற மாட்டார். ஒவ்வொரு ஆட்டையும் தராசில் நிறுத்தி எடை பார்ப்பார். சினையாடு என்றால் இரண்டு தடவை போன் போடுவார். சங்கத்தில் அந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. நாற்பது கிலோ இருக்கும் மனைவி ஈஸ்வரிக்கும், தொண்ணூறு கிலோ உறுப்பினருக்கும் ஞாயிறுதோறும் ஒரே அளவு: பாட்டில் மூடியால் ஒரு மூடி. சமத்துவம் என்றால் இதுவல்லவா சமத்துவம்!

முதல் கூட்டத்தில் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்காரர் சோமு மட்டும் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டார்.

"அண்ணே, நமக்குத்தான் வயித்துல புழு இல்லையே?"

"அதுதானப்பா விசேசம். புழு இருக்கவனுக்கு, புழுவக் கொல்றதுலயே மருந்து தீந்துபோகும். இல்லாதவனுக்கு அம்புட்டும் எதிர்ப்புச் சக்திக்கே போகும்ல?"

"அப்ப புழு இருக்கவுக?"

"மொதல்ல புழு மருந்து குடிச்சுட்டு, பெறகு சங்கத்துல வந்து சேரச் சொல்லு."

பலத்த கைதட்டலுக்கு இடையே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டியவர்களில் சோமுவும் ஒருவர்.

ஏழாவது வாரம் ஈஸ்வரிக்கு வாயெல்லாம் புண். கூடவே காய்ச்சல்.

"என்னங்க, எச்சி முழுங்க முடியல. எனக்கு இந்த மருந்து வேணாங்க."

"எதிர்ப்புச் சக்தி முழிச்சிருச்சு ஈஸ்வரி! முழிச்ச உடனே கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். தலைவர் சம்சாரமே நிறுத்திட்டா மத்தவுக என்ன நெனைப்பாக? ம், குடி."

ஈஸ்வரி குடித்தாள். தலைவரோ, அந்த வார மினிட் புத்தகத்தில் 'திருமதி ஈஸ்வரியிடம் நல்ல முன்னேற்றம்' என்று எழுதி, ஸ்டாம்பு குத்தி, கையெழுத்தும் போட்டார்.

மூன்றாம் நாள் முன்னேற்றம் தாங்காமல் ஈஸ்வரி மயங்கி விழ, காரைக்குடியில் ஒரு மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். டாக்டர் சத்தியப்பிரியா ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"வெள்ளை அணு குறைஞ்சது நாலாயிரமாவது இருக்கணும். இவங்களுக்கு அறுநூறுதான் இருக்கு. கிருமி வந்தா எதிர்த்து நிக்க உடம்புல ஆளே இல்ல. ஏதோ ஒரு மருந்து செஞ்ச வேலை மாதிரி தெரியுது. என்ன சாப்பிட்டாங்க?"

முத்தரசு யோசித்தார். வருகிற ஞாயிறு அவருக்குப் பாராட்டு விழா. 'எதிர்ப்புச் சக்திச் செம்மல்' என்று பட்டம். ஃபிளெக்ஸ் கூட அடித்தாகிவிட்டது.

"வீட்டுச் சாப்பாடுதான். வேற ஒண்ணுமில்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எதுன்னு தெரியாம எதை நிறுத்தச் சொல்றது? அது இன்னொரு தடவை உள்ள போனா உயிருக்கே ஆபத்து."

"போன வாரம் ரசத்துல மிளகு கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார் தலைவர், மிகுந்த பொறுப்புணர்வுடன்.

கட்டிலில் கிடந்த ஈஸ்வரி புண் வாயைத் திறந்தாள்.

"ஆட்டுப் புழு மருந்து, டாக்டரம்மா. எதிர்ப்புச் சக்திக்குன்னு ஏழு வாரமா ஊத்துனாக. எனக்கு மட்டுமில்ல, சங்கத்துல எல்லாருக்கும்தான்."

டாக்டர் மருந்தின் பெயரைக் கேட்டார். முத்தரசு பெயரை முனகினார்.

"லெவமிசோலா! எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்னு ஒரு காலத்துல மனுசங்களுக்கும் குடுத்ததுதான். சில பேருக்கு வெள்ளை அணுவையே காலி பண்ணுதுன்னு பல நாட்டுல நிறுத்திட்டாங்க. உங்க சங்கத்து ஆளுங்க அத்தனை பேரையும் இன்னைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. ஆமா, இதை யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மருந்து விசயத்துல என்னையக் கொறை சொல்லாதீக. டாக்டரக் கேக்காம எங்க ஆட்டுக்கு ஒரு சொட்டு ஊத்தியிருப்பனா? வேணும்னா ஊருல விசாரிச்சுப் பாருங்க!"

ஈஸ்வரி அவர் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"அதத்தான் நானும் யோசிச்சுக்கிட்டே கெடக்கேன். என்னைய ஒரு ஆடா நெனச்சிருந்தாக்கூட, ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பீக."