தும்பி சிரிக்கக்கூடாது

ஒரு படத்தை எடுக்கிறவர்களைவிட அதைப் பார்க்கப் போகிறவனுக்குத்தான் பொறுப்பு அதிகம் என்று நம்புகிற பருவம் ஒன்று மனிதனுக்கு வரும். பலருக்கு அது பள்ளிக்கூடத்தில் வந்து பள்ளிக்கூடத்திலேயே போய்விடும். எனக்கு அது திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில், கழுத்துப்பட்டி கட்டி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் உச்சத்துக்கு வந்தது.

'தும்பி' என்று ஓர் ஆங்கிலப் படவரிசை. தமிழில் குரல் மாற்றியும் வந்தது. வானிலை நிலையத்தில் வேலை செய்யும் ஒரு சாதுவான மனிதன்மேல் மின்னல் விழுந்து, முதுகில் நாலு சிறகு முளைத்துவிடும். சிவப்பும் பச்சையுமாக உடுப்பு. வில்லனுக்கு அடிப்பதற்கு முன் சிரிக்க ஒரு பகிடி விடுவான், அடித்த பிறகு ஒரு பாட்டுப் பாடுவான். கடைசியில் பிள்ளைகளுக்கு டொபி மிட்டாய் எறிந்துவிட்டுப் பறந்துபோவான். மூன்று படம் இப்படியே வந்தது. பிறகு ஒருநாள், கதையை முதலிலிருந்து மறுபடி தொடங்கப்போகிறோம், இந்தத் தடவை இருண்ட தும்பி என்று அறிவித்தார்கள். முதல் சுவரொட்டி வெளிவந்தது. கொட்டுகிற மழை, கறுத்த சிறகு, எண்ணெய்க் கரி படிந்த முகம். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. அன்றைக்கு எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. (கவலையில் இல்லை, சந்தோசத்தில்.)

நானும் நண்பன் நஸீரும் உடனே முகநூலில் ஒரு ரசிகர் பக்கம் தொடங்கினோம். நஸீர் கிண்ணியாக்காரன், டவுனில் வாகனம் திருத்தும் ஒரு கராஜில் வேலை. அவன் படங்களை ஒட்டுவான், நான் கொள்கைகளை எழுதுவேன். "புதிய தும்பி சிரிக்கக்கூடாது. பாடக்கூடாது. டொபி எறிவதைக் கனவிலும் நினைக்கக்கூடாது." அமெரிக்காவில் இதை வாசித்துவிட்டுத்தான் மறுநாள் படப்பிடிப்புக்குப் போவார்கள் என்பது எங்கள் எண்ணம். என்னுடைய மிக நீளமான கட்டுரைக்குக் கீழே வந்த ஒரே கருத்து, "தம்பி, உங்கட ஒபிசுக்கு வந்த என்ர பார்சலை எப்ப தருவியள்?" என்பது.

நானே சிரிப்பதையும் நிறுத்திவிட்டேன். அலுவலகத்தில் யாராவது "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டால், யன்னலுக்கு வெளியே நிற்கிற கப்பலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓம்" என்பேன். எனக்குக் குடற்புண் என்று மேலதிகாரி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

இந்த நிலையில்தான் ரஜனி அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. அக்கா கப்பல்துறை என்ற ஊரில் இருக்கிறா. அத்தான் கட்டாரில் வேலை. அவர்களுடைய ஒரே மகன் கவினுக்கு ஆறாவது பிறந்தநாள். அதற்கு அத்தான் வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

"அவனுக்கு நான் ஒரு கதை சொல்லி வச்சிருக்கிறன்" என்றா அக்கா. "அப்பா வரேலாட்டியும் தும்பி நேரில வருவார் எண்டு. உடுப்பும் உன்ர அளவுக்குத் தைச்சிட்டன். வந்து போட்டுக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடிப்போட்டு டொபியை எறிஞ்சால் போதும்."

"என்ன நிறம் அக்கா?"

"இதென்ன கேள்வி? சிவப்பும் பச்சையும்தான்."

நான் யன்னலுக்கு வெளியே கப்பலைப் பார்த்தேன். பின்னணியில் கவின் போனைப் பறிப்பது கேட்டது.

"மாமா, தும்பி வருவாரோ?"

"வருவார். ஆனா புதுத் தும்பி."

"டொபி கொண்டு வருவாரோ?"

"அவருக்கு வாழ்க்கையில நிறையக் கவலை ராசா. டொபி கொண்டுவர ஏலாது."

"கொஞ்சமாவது கொண்டு வரச் சொல்லுங்கோ" என்றான்.

அந்தக் குரலைக் கேட்டாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு தலைமுறைக்கே சரியான தும்பியை அறிமுகப்படுத்தும் வாய்ப்பு என் கையில் கிடைத்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

உடுப்பை நாங்களே தயாரித்தோம். கறுப்பு மழைக்கோட், மீன் இறக்கும் வாடியில் முழங்கால்வரை போடுகிற றப்பர் சப்பாத்து, அப்பாவின் பெரிய கறுப்புக் குடையைப் பிரித்து, கம்பியோடு தைத்த நாலு சிறகு. முகத்துக்கு அடுப்புக் கரி பூசலாம் என்றேன். நஸீர் தொழில்முறையில் யோசிக்கிறவன்.

"கரி வேர்வையில கரைஞ்சுரும் மச்சான். கிறீஸ் எண்டா நிக்கும்."

கராஜிலிருந்து ஒரு ஜாம் போத்தல் நிறைய, வண்டிக்குப் பூசுகிற கறுத்த கிறீஸ் கொண்டுவந்தான். வெளியூர் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில், உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு வீடுகளுக்குள் நுழைகிற ஓர் ஆளைப் பற்றிய பயம் ஊரூராகப் பரவியிருந்தது. கிறீஸ் பூதம் என்றால் ஆண்களே தனியாகக் கிணற்றடிக்குப் போகமாட்டார்கள். அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். அப்படியிருந்தும் ஒருவனுக்காவது அது நினைவுக்கு வரவில்லை என்றால், கலை மனிதனை எவ்வளவு குருடாக்கும் என்று பாருங்கள்.

பிறந்தநாள் மார்கழி மழைக்காலத்தில் வந்தது. பின்னேரமே வானம் இருண்டு கிடந்தது. இயற்கையே எங்கள் பக்கம் என்றேன் நான். நஸீரின் பைக்கில் கப்பல்துறைக்குப் போய், அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்த வாழைகளுக்குள் நின்று உடுப்பை மாற்றினேன். முகத்திலும் கழுத்திலும் கையிலும் கிறீஸை அப்பினான் நஸீர். திட்டம் சுலபமானது. அவன் வெளிச்சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சை நிறுத்துவான். வீடு இருளும். அந்த இருளில் நான் அடுப்படிக் குசினியின் கதவால் நுழைந்து, சிறகை விரித்து, "இருள்தான் என் வீடு" என்பேன். (இந்த வசனம் படத்தில் இல்லை. நானே எழுதியது.)

வீட்டுக்குள் கூடம் நிறையப் பிள்ளைகள். மேசையில் தும்பியின் படம் போட்ட கேக். அலுமாரிமேல் சாத்தி வைத்த போனில் அத்தான், கட்டாரிலிருந்து பிறந்தநாள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். நான் நஸீரின் சுவிட்சுக்காகக் காத்துக்கொண்டு குசினிக் கதவடியில் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. சுவிட்ச் பெட்டியின் மூடி மழைக்கு ஊறி இறுகியிருந்ததாம். அது எனக்கு எப்படித் தெரியும்? பாட்டு முடியப்போகிறதே என்ற பதற்றத்தில், முழு வெளிச்சத்திலேயே உள்ளே நுழைந்து சிறகை விரித்தேன்.

முதலில் கண்டது பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்கா. கையில் பற்றிஸ் பலகாரத் தட்டம். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தா. தட்டம் விழுந்தது.

"ஐயோ! கிறீஸ் பூதம்!"

சரியாக அந்த நேரத்தில் நஸீருக்குப் பெட்டி திறந்துகொண்டது. வீடு இருண்டது.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஆளாளுக்கு ஒரு கதை. பிள்ளைகள் கத்தினார்கள். என் குடைக்கம்பி பட்டுப் பலூன்கள் ஒவ்வொன்றாக வெடித்தன, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு புதுக் கத்தல் எழும்பியது. பின்னுக்கு நகர்ந்தவன் மேசையில் மோதி, கேக்கில் தும்பியின் தலை இருந்த இடத்தில் முழங்கையை ஊன்றினேன். அதற்குள் பரமேஸ் அக்காவின் கைக்குத் தும்புத்தடி கிடைத்துவிட்டது. தும்புத்தடி தெரியாதவர்களுக்கு, அது நீளமான பிடி போட்ட தும்பு விளக்குமாறு. தும்பிக்கென்றே செய்தது போல இருந்தது.

"அக்கா, அடியாதேங்கோ! நான் சுதன்! ரஜனி அக்காட தம்பி சுதன்!"

"பாருங்கோ பிள்ளை, பூதம் எங்கட பேரெல்லாம் விசாரிச்சு வச்சிருக்கு!" என்று இன்னும் இரண்டு போட்டா.

என் குரலை அடையாளம் கண்டது அக்காதான். போன் வெளிச்சத்தை முகத்துக்கு நேரே பிடித்தா. கிறீஸ் வழுக்கினாலும் பரவாயில்லை என்று காதைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினா.

அத்தோடு முடிந்திருந்தால் இதைக் கட்டுரையாக எழுத வேண்டி வந்திராது. மெயின் சுவிட்சோடு வீட்டு இன்டர்நெட்டும் நின்றுபோனதை நாங்கள் யோசிக்கவில்லை. கட்டாரில் இருந்த அத்தான் கடைசியாகக் கண்டது இதுதான்: தன் வீட்டுக் குசினி வாசலில் சிறகு விரித்த ஒரு கறுத்த உருவம், "கிறீஸ் பூதம்" என்ற அலறல், பிறகு இருட்டு. மனுசன் துடித்துப்போய்ச் சந்தியில் கடை வைத்திருக்கும் கூட்டாளிக்குப் போன் அடித்திருக்கிறார். கூட்டாளி கடையை அப்படியே விட்டுவிட்டு ஒழுங்கையில் இருந்த வீட்டுச் சனத்தையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். உலக்கை, தென்னை மட்டை, ஒருவர் கையில் கிறிக்கெற் மட்டை. வாசல் படலை அதிர்ந்தது.

அவர்களைக் கண்டதும் நஸீர் மதிலால் பாய்ந்தான். அவன் பைக்கைக்கூட எடுக்கவில்லை, சீனக்குடா வரை ஓடிப்போய்ப் பஸ் பிடித்ததாகப் பிறகு தெரிந்தது.

அக்கா முன்னுக்குப் போய் நின்றா. "பூதம் இல்லை அண்ணை. என்ர தம்பி."

"உண்மையாவே தம்பியோ?" என்றார் கடைக்காரர். குரலில் ஏமாற்றம் தெரிந்தது. இவ்வளவு தூரம் உலக்கையோடு ஓடி வந்தவர்கள் சும்மா போவதா என்று எல்லோரும் என்னோடு நின்று படம் எடுத்தார்கள். சுவிட்சைப் போட்டதும் அக்கா அத்தானைக் கூப்பிட்டு, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினா. "அத்தான், நான்தான்" என்றேன். அத்தான் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "கவின் எங்க?" என்றார்.

கவின் கட்டிலுக்குக் கீழே இருந்தான். நான் கொஞ்சம் தள்ளித் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பேசினேன். "ராசா, மாமாதானடா. பயப்படாதை."

அவன் நெடுநேரம் என்னைப் பார்த்தான். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. ஆனால் கண்ணில் ஏதோ கணக்கு ஓடியது.

"மாமா, நீங்கள் வில்லனோ?"

நான் வாயைத் திறந்தேன். இருண்ட தும்பியின் மனக்காயங்கள் பற்றி என்னிடம் ஒரு முழுக் கட்டுரையே இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"ஓம்" என்றேன்.

"அப்ப தும்பி எப்ப வந்து உங்களுக்கு அடிப்பார்?"

இதை அறை வாசலில் நின்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தா. அலுமாரியைத் திறந்து, எனக்கென்று தைத்த சிவப்பு-பச்சை உடுப்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனா. வெளியே வந்தபோது என் அளவுக் காற்சட்டை இடுப்பில் ஊசியால் பிடித்திருந்தது, முதுகில் நாலு சிறகு ஆடியது, கையில் தும்புத்தடி. என் அக்கா அதற்குமுன் யாருக்கும் முன்னால் ஆடினதில்லை. கலியாண வீட்டில் பாட்டுப் போட்டாலே குசினிக்குள் போய்விடுவா.

"ஆரடா என்ர கேக்கில கை வச்சவன்?"

கூடம் அதிர்ந்தது. கட்டிலுக்குக் கீழிருந்து கவின் புறப்பட்ட வேகத்தில் தலையை இடித்துக்கொண்டதையும் கவனிக்கவில்லை. அக்கா என்னைக் கூடத்தைச் சுற்றித் துரத்தினா. அடித்தா. அந்த அடியில் நடிப்பென்று ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் "இன்னும்! இன்னும்!" என்றார்கள். படலையடியில் நின்ற ஆம்பிளைகளும் சேர்ந்து கத்தினார்கள். நான் நீதிக்குத் தலைவணங்கி, பற்றிஸ் துண்டுகளுக்கு நடுவில் செத்து விழுந்தேன். அக்கா என் முதுகில் ஒரு காலை வைத்துக்கொண்டு, பழைய படத்துப் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடி, கை கையாக டொபியை எறிந்தா. போனுக்குள் அத்தான் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

எல்லோரும் போனபிறகு கிணற்றடியில் மண்ணெண்ணெயால் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சிறகைக் கழற்றாமலே வந்து படியில் இருந்தா. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தொடங்கினேன்.

"விடடா" என்றா. "கனகாலமா ஆருக்காவது அடிக்கவேணும் போலத்தான் கிடந்தது." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினா. அத்தான் போனதற்குப் பிறகு அக்கா அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. வாய்க்குள் மண்ணெண்ணெய் போனதுதான் மிச்சம்.

சில மாதங்கள் கழித்து அந்தப் படமும் வந்தது. நானும் நஸீரும் முதல் காட்சிக்குப் போனோம். நாங்கள் கேட்டதெல்லாம் கொடுத்திருந்தார்கள். தும்பி சிரிக்கவில்லை, பாடவில்லை. படம் முழுக்க மழையும் இருட்டும். இடைவேளைக்கு முன்பே நஸீர் என் காதுக்குள், "மச்சான், ஒனக்கு ஏதும் தெரியுதா?" என்றான்.

"ஆழம்டா" என்றேன்.

"ஆழம்தான். அடியில ஒண்டையும் காணல்லயே."

கவினை அந்தப் படத்துக்கு யாரும் கூட்டிப்போகவில்லை. அவனும் கேட்கவில்லை. தும்பி ஒரு பொம்பிளை என்பது அவனுடைய முடிவு. படத்தில் நடிக்கிறவர் வேறு யாரோ, தன் அம்மாவைப் பார்த்துச் செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சண்டை பிடித்திருக்கிறான். அத்தான் தன் போனில் அக்காவின் பெயரை மாற்றிவிட்டார். லீவில் வந்து நிற்கும்போதும் "தும்பி, தேத்தண்ணி" என்றுதான் குரல் கொடுப்பார். அக்கா முறைப்பா, ஆனாலும் தேத்தண்ணி வரும்.

எனக்குக் கிடைத்தது வேறு வேலை. போன கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். பக்கத்து வளவில் பரமேஸ் அக்கா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு தீத்திக்கொண்டிருந்தா. பிள்ளை வாயை இறுக்கி மூடியிருந்தது. என்னைக் கண்டதும் பரமேஸ் அக்காவின் முகம் மலர்ந்தது.

"அந்தா பார், கவின்ட மாமா வந்திட்டார்! தம்பி, ஒருக்கா வேலியடிக்கு வந்து நில்லுங்கோ."

போய் நின்றேன். வாய் திறந்தது.