மண்புழு அவர்கள் எங்கள் வாடிக்கையாளரே

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே அப்பா, அம்மா, நான், தையல் மிஷின் நால்வரும் நலம். நீங்களும் சித்தியும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு கோபமான கடிதத்தை எழுதத் துணிகிறேன். உடம்பு சரியில்லை என்றால், குணமான பிறகு படிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை வந்து என் 'மண்புழு' கோப்புறையை உங்கள் கையாலேயே அழிக்கப் போவதாக நேற்றுத் தொலைபேசியில் சொன்னீர்கள். முடியாது. ஏன் முடியாது என்பதற்கு முன்னால், தவறு எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் நம் திரைச்சீலைக் கடைக்கு வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருள் ஒன்றை வாங்கித் தந்தீர்கள். முழுப்பெயரையும் சொல்பவள் நான் ஒருத்திதான். அப்பா அதை 'உறவுக்காரன்' என்கிறார். அதை எங்கள் வீட்டுப் பொதுக் கோப்புறையோடு இணைத்துவிட்டு, "அண்ணி, இனிமே உள்ள இருக்கற ஒவ்வொரு ஃபோல்டரும் ஒரு கஸ்டமர். நீங்க எதையும் யோசிக்கவே வேண்டாம்" என்றீர்கள். அம்மா யோசிக்கவில்லை. நீங்களும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அது எங்கள் வீட்டு அலமாரி மாதிரி, சித்தப்பா. யார் கையில் எது இருந்தாலும் அதில்தான் போடுவோம். வாடிக்கையாளர்களின் ஜன்னல் அளவுகளுக்கும் துணிப் படங்களுக்கும் நடுவே அம்மாவின் 'முழங்கால் எக்ஸ்ரே' இருந்தது, அப்பாவின் 'அப்புறம் பார்க்கலாம்' இருந்தது, அறிவியல் கண்காட்சிக்காக நான் பெட்டியில் வளர்க்கும் மண்புழுக்களின் படங்கள் இருந்தன. மறுநாள் காலையில் எல்லாமே வாடிக்கையாளர்கள் ஆகிவிட்டன. 'அன்புள்ள முழங்கால் எக்ஸ்ரே அவர்களே, உங்களுக்கு ஏற்ற திரையை அமைத்துத் தரக் காத்திருக்கிறோம்' என்று எங்கள் முகவரிக்கே வந்த மின்னஞ்சலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததாக நினைத்து, அம்மா அப்பாவை உலுக்கி எழுப்பி, "என்னங்க, முட்டிக்குத் திரை போடணும்கறாங்க" என்றாள்.

அதே நாள் நீங்கள் கூப்பிட்டீர்கள். "அண்ணா, பின்னிட்டீங்க! ஒரே ராத்திரியில இவ்வளவு புது கஸ்டமரா! அது யாரு மண்புழு? அவர்தான் எக்கச்சக்கமா போட்டோ அனுப்பியிருக்கார், பெரிய பங்களா போல. இன்னும் ஏன் பேசல?" அப்பாவுக்கு உங்களிடம் தெரியாது என்று சொல்ல வராது, சின்ன வயதிலிருந்தே வராதாம். வாயில் ஊசியை வைத்துக்கொண்டே, "பேசிட்டுத்தாண்டா இருக்கோம். ஆளு கொஞ்சம் கூச்சம். வெளிய தலை காட்ட மாட்டேங்கறார்" என்றார். "வெளிச்சமே ஆகாதாம்" என்று பக்கத்திலிருந்து நான் சொன்னதும் உண்மைதான். அதற்குமேல் எதுவும் கேட்காதது உங்கள் தவறு. அவரை 'மிக முக்கியமானவர்' என்று குறித்து, நேரடியாகப் பேச நீங்கள் எண் கேட்டபோதுதான் அம்மா போனைப் பிடுங்கி, "தம்பி, அது மண்ணுல நெளியற புழு" என்றாள்.

அப்போது நீங்கள் சிரித்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, "கஸ்டமர் இல்லாத எல்லாத்தையும் அழிங்க. படிக்கற பொண்ணுக்குக் கடை ஃபோல்டர்ல என்ன வேலை?" என்றீர்கள். சித்தப்பா, அந்தப் பொதுக் கோப்புறையை இந்த வீட்டில் முதலில் திறந்தவளே நான்தான். கடை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. படங்களை நகல் எடுத்து வேறெங்காவது வைத்துக்கொள்ளச் சொல்லிச் சித்தி அனுப்பிய செய்தி கிடைத்தது. எடுத்துப் பார்த்தேன். படங்கள் வருகின்றன, படங்களுக்குக் கீழே எழுதியவை வரவில்லை. கீழே யார் எழுதியிருக்கிறார்கள் என்று திறந்து பார்த்தீர்களா? காலையிலிருந்து ராத்திரிவரை மிஷினை விட்டு எழுந்திருக்காத அப்பா, கடை மூடிய பிறகு ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதுகிறார். 'சாப்பிட்டுதா?' 'இதுல தலை எது?' 'நேத்து இருந்தவனா இவன்?' அம்மா அதற்குக் கீழே, 'உங்க மகளையும் ஒருநாள் இப்படி விசாரிங்க' என்று எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே அப்பா, 'அவளைத்தான் விசாரிக்கறேன்' என்று எழுதியிருக்கிறார். இதை அழிக்க விட மாட்டேன்.

ஆகவே, மென்பொருளோடு வந்த கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். உலகத்திலேயே அதைப் படித்த ஒரே ஆள் நானாக இருக்கலாம். நடுவில் ஒரு பக்கம் தலைகீழாக அச்சாகியிருப்பதை யாருமே இதுவரை புகார் செய்யவில்லை. அதில் ஒரு விதி இருக்கிறது: ஆர்டர் முடித்து ஒப்படைக்கப்பட்ட வாடிக்கையாளரை யாராலும் அழிக்க முடியாது, மென்பொருளை நிறுவியவராலும் முடியாது. உடனே மண்புழுப் பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், வெளிச்சம் புகாத திரை ஒன்றுக்கு முறைப்படி ஆர்டர் கொடுத்தேன். அப்பா கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார்.

"கஸ்டமர் வரலியா?"

"உள்ளதான் இருக்கார்ப்பா."

"என்ன கலர் பிடிக்கும்?"

"அவருக்குக் கண்ணே கிடையாதுப்பா."

"அப்ப குறை சொல்ல மாட்டார்" என்று அளவெடுத்து, கனமான கறுப்புத் துணியில் மடிப்பெல்லாம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அம்மா பில் போட்டாள். 'ஒப்படைக்கப்பட்டது' என்பதை நானே அழுத்தினேன். மண்புழு அவர்கள் இப்போது எங்கள் கடையின் அசையாத வாடிக்கையாளர். எனவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை.

சித்திக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் மீது கோபம் இருந்தாலும், உங்கள் ஆசி எப்போதும் வேண்டும். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறேன்.

பணிவுடன், ஆனால் பணியாமல்,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவும். ஒப்படைத்ததும் உறவுக்காரன் வாடிக்கையாளரிடம் கருத்துக் கேட்பான் என்பது, நான் திருப்பிப் பார்க்காமல் விட்ட அந்தத் தலைகீழ்ப் பக்கத்தில் இருந்திருக்கிறது. இடது ஓரத்தில் துணி விரலகலம் குறைவு, வெளிச்சம் வருகிறது. மண்புழு சார்பில் பொய் சொல்ல முடியாமல் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தேன். ஆர்டர் மறுபடியும் திறந்துகொண்டது. அப்பா, "பெத்த பொண்ணே மூணு ஸ்டாரா?" என்று கேட்டுவிட்டு என்னோடு பேசவில்லை. நட்சத்திரத்தை மாற்ற மாட்டேன். கையேட்டின்படி, குறை சொன்ன வாடிக்கையாளரை நிறுவியவரே நேரில் சந்தித்து வருத்தம் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் 'திருப்தி' என்று அழுத்தும்வரை அவர் கோப்புறையை யாரும் தொட முடியாது. அழுத்தினாலோ ஆர்டர் முடிந்துவிடும், பிறகு எப்போதுமே தொட முடியாது. மண்புழுவுக்கு விரல் இல்லாததால், அழுத்தப் போகிறவள் நான். வரும்போது டார்ச் கொண்டு வராதீர்கள், வாடிக்கையாளருக்கு ஆகாது.