அவித்த நெல் அருள்வாக்கு

பாபநாசத்துக்குக் கிழக்கே ஒரு களத்துமேட்டில் சாமியார் ஒருவர் பிள்ளை கொடுக்கிறாராம்! தஞ்சை ஜில்லாவே கிளம்பிவிட்டது. மன்னார்குடியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், அதிராம்பட்டினத்திலிருந்து கார் பிடித்து வந்தார்கள். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் திடீரென்று பக்தி முற்றிய பண்ணையார் ஒருவர் சாமியார் பேருக்கு எழுதிவைத்த களம் அது. சர்வே நம்பரோடு அருள் குடியேறியது.

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நின்றான் இராஜாங்கம். கட்சியின் கிளைச் செயலாளர். போன வாரம்தான் மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறிப்பதாக மைக் அதிர முழங்கியவன். இங்கே என்ன செய்கிறான் என்கிறீர்களா? கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. தஞ்சாவூர் டாக்டரம்மா, "இதுக்கு மெட்ராஸ்தான். ரெண்டு பேருமாப் போங்க" என்று சொல்லிவிட்டார். மெட்ராஸ் ஒரு ராத்திரி ரயில். சாமியாரோ ஒரு பீடி குடித்து முடிக்கும் தூரம். பகுத்தறிவுக்குக் கால் வலித்தது.

அவன் தாய் காளியம்மாள் முடிவே கட்டிவிட்டாள். "சாமி நெல்லு முளைக்கலேன்னா, எங்கண்ணன் பொண்ணை ரெண்டாந்தாரமாக் கட்டிக்கடா." மேடையில் பெண்விடுதலை பேசும் வாய், அம்மா முன்னால் வெற்றிலை மென்றது.

சாமியார் ஒரு பிடி நெல்லைத் துணியில் முடிந்து கொடுப்பார். பெண் அதை நனைத்து வைத்து, மூன்றாம் நாள் அவர் முன்னால் அவிழ்க்க வேண்டும். முளைத்திருந்தால் பிள்ளை உண்டு. முளைக்காவிட்டால் வயிறு தரிசு. பரிகாரம் கழுத்துச் சங்கிலியின் கனத்தைப் பொறுத்தது. வெறுங்கழுத்துக்காரிகளுக்கு மட்டும் நெல் தவறாமல் முளைத்தது. ஏழைகள் மேல் சாமிக்கு அத்தனை கருணை!

இராஜாங்கத்தின் மனைவி அம்சவல்லிக்குச் சங்கிலி இருந்தது. மூன்றாம் நாள் முடிச்சை அவிழ்த்தாள். ஒரு முளைகூட இல்லை.

"பாத்தியாடா! தரிசுடா, தரிசு!" காளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்சவல்லி ஒரு நெல்லை எடுத்து நகத்தால் உமியை உரித்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய அரிசி கண்ணாடிபோல் மஞ்சளித்திருந்தது.

"இது அவிச்ச நெல்லுல்ல? இட்லிக்கு ஆவும் சாமி, நாத்தங்காலுக்கு ஆவாது."

சாமியார் அசரவில்லை. "உன் வயிற்றுச் சூட்டில் வெந்துவிட்டது, பெண்ணே!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. குறுவையும் சம்பாவும் விளைவிக்கிற கூட்டம்! புழுங்கல் நெல்லை நனைத்துவைத்து முளைக்குமா என்று காத்திருக்க நம்மால்தான் முடியும். 'சூடாத்தான் இருக்குமோ?' என்று இராஜாங்கமே ஒரு கணம் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"அப்படியா? நான் தொடாத நெல்லைப் பாப்பம்." சாமியாரின் முதுகுக்குப் பின்னால் இருந்த இரண்டு சாக்குகளையும் அம்சவல்லி இழுத்துப் பிரித்தாள். "ஆளுக்கு ஒண்ணு உரிங்க!"

உரித்தார்கள். ஒரு சாக்கில் பச்சை நெல். இன்னொன்றில் அவித்தது.

"இந்தச் சாக்கு யார் வயித்துச் சூட்டுல வெந்துது சாமி?"

சாமியார் வாய்க்காலைத் தாண்டினார். முழங்கால் சேற்றில் அவர் ஓடிய வேகம் ஒன்றுதான் அங்கே நடந்த அற்புதம்.

இராஜாங்கம் துண்டை உதறித் தோளில் போட்டான். "பெரியோர்களே, தாய்மார்களே..."

"பேச்சு கெடக்கட்டுங்க," என்றாள் அம்சவல்லி. "நெலத்தையே சோதிக்கிறீங்களே, விதையை எவனாச்சும் சோதிச்சானா? மெட்ராசுக்கு என்கூட வர்றீங்களா, மாமன் பொண்ணைக் கட்டுறீங்களா? இங்கயே சொல்லுங்க."

காளியம்மாள் வாயைத் திறந்தாள்.

"நீ சும்மா இரும்மா." அம்மா முன்னால் அவனுடைய கன்னிப்பேச்சு அது. "வர்றேன் அம்சு. என்னையும் பாக்கட்டும்."

பரிகாரத்துக்குச் சங்கிலியைக் கொடுத்துவிட்டு நின்ற பாத்திமா மேரி கேட்டாள்: "அண்ணே, மெட்ராசுக்கெல்லாம் எங்களால போவ முடியாது. அந்த மெட்ராஸ் டாக்டரைத் தஞ்சாவூருக்கு அனுப்பச் சொல்லி ஒரு மனு போடுங்களேன். இந்தக் களத்துக்கு பஸ் விடச் சொல்லி நீங்கதானே போட்டீங்க?"

ஆமாம், போட்டது அவன்தான். ஊரே கையெழுத்திட்டது. பஸ்ஸும் வந்துவிட்டது. கேட்டது கிடைக்கத்தான் செய்கிறது, மக்களே! அடுத்த மனுவுக்காவது மூளையை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.