காபன் அண்ணையின் வெள்ளை மூலப்பிரதி

என் பழைய கோப்பில் எழுத்தே இல்லாத ஒரு தாள் இருக்கிறது. அதன் மூலையில் பென்சிலால் நான் இட்ட குறிப்பு: “2007 புரட்டாதி. மூலப்பிரதி. பார்வையிடப்பட்டது.” இதை நம்புவதற்குக் காபன் அண்ணையைத் தெரிந்திருக்க வேண்டும்.

கிளிநொச்சியில் கடவுளை நம்பாதவர்கள் இருந்தார்கள். காபன் தாளை அவரளவு நம்பியவர் உலகத்திலேயே இல்லை. நான் எழுதுவினைஞராக இருந்த அரச அலுவலகத்துக்கு எதிரே, தகரக் கொட்டிலில் தட்டச்சுப் பொறியோடு இருந்து ஊருக்கெல்லாம் விண்ணப்பம் அடித்துக் கொடுப்பார். யார் எந்தக் கடிதம் கேட்டாலும் தனக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொள்வார். ஒருவர் சண்டைக்கே போனார்.

“என்ர வீட்டுச் சண்டை உங்களுக்கு என்னத்துக்கு?”

“நாளைக்குச் சமாதானமாகிக் கடிதத்தைக் கிழிச்சுப்போடுவீர். பிறகும் சண்டை வரும். அப்ப என்னட்டைத்தான் வருவீர்.”

மூன்று மாதம் கழித்து அவர் வந்தார்.

சமாதான காலத்தில், 2003இல், பக்கத்தில் ஒரு கணினிக் கடை திறந்தது. அண்ணையைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அடித்ததை அழிக்கலாம் என்றதும் அவர் முகம் சுருங்கியது. “அழிக்கக்கூடியதை என்னத்துக்குத் தம்பி அடிக்கிறது?”

2006இல் போர் மறுபடி தொடங்கி, வவுனியாவுக்கான பாதை பூட்டப்பட்டது. டீசல் இல்லாமல் கடையின் ஜெனரேற்றர் நின்றது. சனம் மறுபடி தகரக் கொட்டிலுக்கு வந்தது. ஆனால் பொறியின் மைநாடா தேய்ந்துவிட்டது, புதிது வர வழியில்லை. விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து நாடாவில் பூசினார். அந்த மாதம் எங்கள் கோப்புகளை எங்களைவிட எறும்புகளே கவனமாகப் பார்த்தன.

பிறகு நாடாவையே கழற்றிவிட்டார். இரண்டு தாள், நடுவில் காபன்; காபன் தாள்தான் அவரிடம் கட்டுக்கட்டாகக் கிடந்ததே. கீழ்த்தாளில் எழுத்து விழும். மேல்தாளில் அச்சு குத்திய பள்ளம் மட்டுமே இருக்கும்.

அப்போதுதான் கண்டாவளையிலிருந்து ஒரு பெண் வந்தார். கணவருக்குச் சிறுநீரகம் பழுது. மறுநாள் காலை வவுனியாவுக்குப் புறப்படும் நோயாளர் வாகனத்தில் இடம் கிடைக்க எங்கள் அலுவலகக் கையொப்பம் வேண்டும். விண்ணப்பமோ காபன் பிரதி. நான் அலுவலக விதி பார்க்கிறவன்.

“அக்கா, இது கொப்பி. ஒறிஜினலைக் கொண்டு வாங்கோ.”

“அவர் இதைத்தானே தம்பி தந்தவர்.”

“அப்ப மற்றதையும் கேட்டு வாங்குங்கோ.”

பத்து நிமிடத்தில் காபன் அண்ணையே வந்தார், பின்னால் அந்தப் பெண். என் மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

“இந்தாரும், ஒறிஜினல்.”

“இதில ஒண்டுமில்லையே அண்ணை.”

“பின்பக்கம் தடவிப் பாரும்.”

தடவினேன். ஒவ்வோர் எழுத்தும் விரலில் தட்டுப்பட்டது. அந்தப் பெண் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டையும் என் மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் வெள்ளைத் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பிரதியோடு வரிவரியாக ஒப்பிட்டார். பிரதியில் “மூலப்பிரதியுடன் ஒத்திருக்கிறது” என்று எழுதிக் கையொப்பமிட்டார். சிரிக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் சிரிப்புக் கேட்டது.

“கொப்பி எண்டு ஆரையும் திருப்பி அனுப்பாதையும் தம்பி,” என்றார் அண்ணை. “எங்கட சனத்திட்ட இப்ப வேற என்ன கிடக்குது?”

மறுநாள் கணவனும் மனைவியும் வாகனத்தில் போனார்கள்.

2009இன் தொடக்கத்தில், சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து போன வழியில், அண்ணையை உடையார்கட்டில் கண்டேன். சைக்கிள் கரியரில் பொறியை ரியூப்பால் கட்டியிருந்தார். ஹான்டிலில் பிரதிகள் நிறைந்த உரப்பை தொங்கியது.

“உடுப்புகள் எங்கை அண்ணை?”

“போட்டிருக்கிறன்.”

போர் முடிந்து, அந்த வருடக் கடைசியில் வவுனியாவில் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். பக்கத்தில் கணவர் நின்றார். அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: “காபன் அண்ணை வந்திட்டாரோ தம்பி?”

பலரிடம் விசாரித்தேன். ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

இதைக் கணினியில்தான் அடிக்கிறேன். ‘அவர் வரவில்லை’ என்று மேலே ஓரிடத்தில் அடித்திருந்தேன். பிறகு அழித்துவிட்டேன். வந்தாரா இல்லையா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.