நாற்பது குதிரை கொடுத்த சம்பந்தி

காஞ்சிபுரத்தில் பிறந்தவன் வீட்டில் கட்டாயம் ஒரு தறி இருக்கும் என்று வெளியூரில் எல்லோரும் நம்புகிறார்கள். எங்கள் வீட்டில் இருந்தது கிரைண்டர். (அதுவும் பாதி நாள் ஓடாது.) நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவன். ஆனாலும் அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை. கெடுத்திருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும்.

எல்லாம் ஒரு கோட்டை விளையாட்டால் வந்த வினை. காலேஜ் நாட்களில் அதைக் கம்ப்யூட்டரில் தனியாக விளையாடுவேன். படையை எங்கே நிறுத்துவது, மதிலை எந்தப் பக்கம் இடிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டு ஜெயிப்பேன். பிறகு அதே விளையாட்டு சோஷியல் மீடியாவுக்கு வந்தது. ஆசையாக உள்ளே போனவன் அதிர்ந்துபோனேன். அங்கே மண்டைக்கு வேலையே இல்லை! கதவு திறக்க வேண்டுமா? நண்பர்கள் குதிரை அனுப்ப வேண்டும். கிணறு வெட்ட வேண்டுமா? நண்பர்கள் மண்வெட்டி அனுப்ப வேண்டும். யாரும் அனுப்பாவிட்டால் ராஜா மதில்மேல் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். இது போர்க்களமா, மொய் விருந்தா?

கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டதில் என் நண்பர்கள் ஒவ்வொருவராக என்னை பிளாக் செய்துவிட்டார்கள். அப்போதுதான் அதே விளையாட்டை 'சேலம் சிங்கம்' என்ற பெயரில் ஆடிய ஒருவர் மெசேஜ் அனுப்பினார்: "காஞ்சிபுரமுங்களா? பட்டு வீட்டுலயே நெய்வீங்களா தம்பி?"

"எத்தினி சேலை வேணும்? தறி விலைக்கே வாங்கித் தரேன், வீட்டுக்கு வாங்க" என்று அளந்துவிட்டு, லொகேஷனையும் அனுப்பினேன். பதிலுக்கு நாற்பது குதிரைகள் வந்தன. கதவு திறந்தது. சிங்கத்தை மறந்தேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து முசரவாக்கத்திலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணை போட்டோவில் பார்த்ததோடு சரி; இரு பக்கமும் முகம் தெரிந்தவர் கல்யாண புரோக்கர் மட்டும்தான். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அம்மா விடிந்ததிலிருந்து வடை பாயசத்தோடு போராடிக்கொண்டிருந்தாள். நான் மொட்டை மாடியில் கோட்டையைக் காத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் வேன் சத்தம் கேட்டது. எதிரி மதிலை உடைத்துக்கொண்டிருந்ததால் உடனே இறங்க முடியவில்லை. (மாப்பிள்ளை ஆகப் போகிறவனின் லட்சணம்!) ஒருவழியாக இறங்கி வந்தால், கூடம் நிறைய ஆட்கள் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கேட்ட உடனே கை நனைச்சிட்டாங்கடா!" என்று அம்மா என் காதில் பூரித்தாள். "எம் பொண்ணு கல்யாணமே தம்பி கையிலதான் இருக்குதுன்னு வேற சொல்றாருடா அந்த மீசக்காரரு!"

மீசைக்காரர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். அவர் பாயசக் கையோடு என்னைத் தூக்கி நிறுத்தினார்.

"நல்லா இருங்க தம்பி. நான்தானுங்க சேலம் சிங்கம்! பொண்ணு கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தோமுங்க."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. புரோக்கர் இறங்கினார். பின்னாலேயே பெண்ணின் அப்பா. எச்சில் இலைகளைப் பார்த்து அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"இன்னாபா இது? எங்கள வரச் சொல்லிட்டு, வேற எடத்துல முடிச்சிட்டீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் சிங்கம் முந்திக்கொண்டது. "நீங்களும் கல்யாண விஷயமாத்தான் வந்தீங்களா? தம்பி தங்கமானவருங்க. நாங்க நாப்பது குதிரை அனுப்பியிருக்கோம். நீங்க எத்தனைங்க அனுப்புனீங்க?"

பெண்ணின் அப்பா தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆட்டோவில் ஏறிவிட்டார். அம்மா கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்தது. போட்டோவில் பார்த்த அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

சாயங்காலம் அந்தப் பெண்ணே, கவிதாவே, புரோக்கரிடம் நம்பர் வாங்கி போன் செய்தாள்.

"எங்க அப்பா சாப்புடாம படுத்துக்கினு இருக்காரு. நாப்பது குதிரை குடுக்கிறவங்களோட நாம போட்டி போட முடியுமான்றாரு. அது இன்னா குதிரைங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"மொதல்ல அந்தக் கோட்டைய அழிங்க. அப்பறம் அப்பாவ நான் அனுப்பறேன்."

எந்த எதிரிக்கும் விழாத கோட்டை ஒரே போன்காலில் விழுந்தது.

எங்கள் கல்யாணத்துக்குச் சிங்கமும் குடும்பத்தோடு வந்தார். (அவர் மகளுக்குச் சேலையைக் கடையில்தான், கடை விலைக்குத்தான் எடுத்துக் கொடுத்தேன்.) பரிசாக ஒரு மரக்குதிரை தந்தார். அது இன்றும் எங்கள் டிவி பக்கத்தில் நிற்கிறது. மாமனார் எப்போது சாப்பிட வந்தாலும் கை கழுவுவதற்கு முன் அதன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

"இன்னா மாப்ள, மீதி முப்பத்தொம்போது எப்ப வருது?"